ஜிப்ஸிக்கு ஜிம்னி வீல்: அஞ்சு ஓட்டை இருந்தா போதுமா?

அமெரிக்காவுல பழைய மஸ்டாங்குக்குப் புது வீல் தேடி அலைவாங்க. தஞ்சாவூர்ல நாங்க அலைஞ்சது மாமாவோட மாருதி ஜிப்ஸிக்கு. முதல்ல கிடைச்சது பழைய இன்னோவா அலாய் செட். அதுலயும் அஞ்சு ஓட்டைதான், ஆனா உட்காரல.

காரணம் பிசிடி, அதாவது ஓட்டைகளோட மையங்கள் வழியா போற வட்டத்தோட விட்டம். இன்னோவாவுக்கு 114.3 மில்லிமீட்டர், பழைய வி8 மஸ்டாங்குக்கும் அதே நாலரை இன்ச்தான். ஜிப்ஸிக்கு 139.7. நாலு ஓட்டைன்னா எதிரெதிரா டேப் வெச்சு அளந்துடலாம். அஞ்சுல எதிர்ல ஓட்டையே இருக்காதே! பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓட்டையை மையத்துக்கு மையம் அளந்து 1.701-ஆல பெருக்குங்க. ஜிப்ஸில அந்த இடைவெளி 82.1 வரணும்.

2023-ல இங்க வந்த ஜிம்னிக்கும் 139.7தான். மாட்டினோம், உட்கார்ந்துச்சு. ஆனா அகல டயர் ஆசை. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங்ல உரசுச்சு. வீலை வெளிய தள்ள ஸ்பேசர் வெச்சோம். தப்பு அங்கதான். ஸ்பேசர் எவ்ளோ தடிமனோ, ஸ்டட்ல நட்டு பிடிக்கிற மரை அவ்ளோ குறையும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.25 மரை, நட்டு பத்து சுத்தாவது ஏறணும். எங்களுக்கு ஆறுதான் ஏறுச்சு. கணக்குப் போட்ட இன்ஜினியர் நான்தான், கேட்காதீங்க.

புது ஆத்தங்கரை ரோட்டுல ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சுது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் நிறைஞ்ச தண்ணி. இறங்கிப் பார்த்தா ரெண்டு நட்டு கையாலயே சுத்துது.

இப்போ வண்டி பழைய ஸ்டீல் வீல்லயே ஓடுது. ஜிம்னி செட் திண்ணையில இருக்கு, ஒல்லி டயருக்காகக் காத்துக்கிட்டு.