கொடுக்கக் கற்பிப்போம்

பள்ளியிலிருந்து பிள்ளை ஓர் அட்டை உண்டியலுடன் வீடு திரும்புகிறான். தவக்காலம் முடியுமுன் அதை நிரப்பித் தர வேண்டுமாம். தந்தை தம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, நான்காக மடித்து உள்ளே இடுகிறார். உண்டியல் பள்ளிக்குச் செல்கிறது. வகுப்பில் மிகுதியாகச் சேர்த்ததற்குப் பிள்ளைக்குப் பரிசும் கிடைக்கிறது. அப்பணம் எங்கோ ஓர் ஏழையின் பசியைத் தணிக்கும், அது நன்றே. ஆயினும் அந்தப் பிள்ளை எதைக் கொடுத்தான்? எதைத் துறந்தான்? எதைக் கற்றான்?

பழக்கத்தால் வருவன பலவற்றை எடுத்துரைத்து, நட்பையும் இரக்கத்தையும் ஈகையையும் பிறவிக் குணம் எனப் பிரித்து வைக்கிறது ஔவையார் பெயரால் வழங்கும் பழம்பாடல் ஒன்று. இரக்கம் பிறவியிலேயே வரலாம். ஆனால் நீர் வார்க்காத நாற்று கருகிவிடுவதைப் போலப் பழகாத இரக்கமும் வாடிவிடும். சிறுவர்க்கு ஈகையைப் பழக்க முடியும் என்பதற்கு வரலாறே சான்று.

சிறுவருக்குச் சிறுவர்

பிரான்சு நாட்டின் நான்சி நகர ஆயர் ஷார்ல் தெ ஃபோர்பின்-ஜான்சன், சீன நாட்டில் கைவிடப்பட்ட குழந்தைகளின் துயரைக் கேட்டு மனம் உருகினார். லியோன் நகரில் எளிய தொழிலாளர்களின் சிறு காசுகளைக் கொண்டே 1822ஆம் ஆண்டில் விசுவாசப் பரப்புதல் பணிக்கு வித்திட்ட போலின் ஜாரிக்கோ அம்மையாருடன் அவர் கலந்துரையாடினார். 1843ஆம் ஆண்டில் திருப்பாலத்துவ சபை பிறந்தது. செல்வரின் பெருங்கொடையை நாடாமல் சிறுவரையே நாடினார் ஆயர். நாளுக்கு ஒரு மங்கள வார்த்தை செபம், மாதத்திற்கு ஒரு செப்புக் காசு: இவ்வளவே அவர் கேட்டது.

சிறுமியாக இருந்தபோது இச்சபையில் சேர்ந்தவர்களுள் லிசியே நகரின் குழந்தை தெரேசம்மாளும் ஒருவர். 1922ஆம் ஆண்டில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் இதனைப் பாப்பிறைச் சபையாக உயர்த்தினார்.

அந்த ஒரு காசின் அளவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலியாள் மகனுக்கும் அளவு ஒன்றே. அங்கே முதலிடம் இல்லை. ஆகவே கடைசி இடமும் இல்லை. காசுடன் செபமும் சேர்ந்ததால், யாருக்காகக் கொடுக்கிறோம் என்பதைப் பிள்ளை நாள்தோறும் நினைத்துக்கொள்ள நேர்ந்தது.

தூரின் நகரத்துச் சிறுவர்

காசைக் கொடுப்பது எளிது. கையைக் கொடுப்பது அரிது. 1854ஆம் ஆண்டின் கோடையில் இத்தாலியின் தூரின் நகரை வாந்திபேதி நோய் வாட்டியது. நோய்கண்ட வீட்டை நெருங்கவே மக்கள் நடுங்கினர். தொன் போஸ்கோ தம் இல்லத்துச் சிறுவரை அழைத்து, நோயாளருக்குத் தொண்டு செய்ய வருவோர் உண்டா என்று கேட்டார். முதலில் 14 பேரும், அடுத்து 30 பேரும் முன்வந்தனர்.

இவர்கள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பிறர் ஆதரவில் வாழ்ந்த ஏழைச் சிறுவர். ஆயினும் கையில் காடிப் புட்டியுடன் வீடு வீடாகச் சென்றனர்; நோயாளரைத் தூக்கிக் கிடத்தினர்; ஒவ்வொருவரைத் தொட்டபின்னும் கைகளைக் காடியால் கழுவிக் கொண்டனர். நோயாளருக்குத் துணியில்லை என்று அவர்கள் வந்து சொன்னபோதெல்லாம், தொன் போஸ்கோவின் அன்னை மார்கரீத்தா அம்மையார் வீட்டிலிருந்த விரிப்புகளை எடுத்துத் தந்தார். அவை தீர்ந்தபின் பீடத் துணிகளையும் தந்தார். அச்சிறுவருள் ஒருவரும் நோய்வாய்ப்படவில்லை என்பது சலேசிய சபையின் மரபுரை.

பெறுபவன் கொடுப்பவனாக மாறும்போது அவனுக்குள் எத்துணைப் பெருமிதம் பிறக்கிறது! ஏழைப் பிள்ளை எப்போதும் உதவி பெறவே பிறந்தவன் என்று எண்ணுவது அவனுக்கு நாம் இழைக்கும் அநீதி.

இன்று நாம் செய்யத்தக்கவை

நம் நாட்டில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அது மாணவரிடம் கேட்பது பணத்தை அன்று, நேரத்தையும் உழைப்பையும். எனினும் சான்றிதழ் ஒன்றே நோக்கமாகிவிட்டால், அதுவும் மற்றுமொரு தேர்வாகச் சுருங்கிவிடும்.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் சிலவற்றைக் கருத்திற்கொள்ளல் நலம்.

பிள்ளை தன்னுடையதைக் கொடுக்கட்டும். மிட்டாய்க்கென வைத்திருந்த 5 ரூபாய், தந்தை தரும் 500 ரூபாயைவிட அவனுக்குக் கனமானது. கிழிந்த சட்டையையும் உடைந்த பொம்மையையும் கழித்துக் கொடுப்பது ஈகையாகாது. வீட்டைத் துப்புரவு செய்வதே ஆகும்.

பெறுபவரின் மானம் காக்கப்படட்டும். சீருடை பெறும் மாணவனை மேடையேற்றிப் புகைப்படம் எடுக்கும் வழக்கத்தை நம் பள்ளிகள் கைவிட வேண்டும். நாளையும் அதே வகுப்பில், கொடுத்தவன் பக்கத்தில் அமர வேண்டியவன் அல்லவா அவன்?

தொண்டு அருகிலேயே தொடங்கட்டும். தெருக்கோடியில் தனித்து வாழும் பாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர். கணக்கில் பின்தங்கிய தோழனுக்கு அரைமணி நேரம். பார்வை மங்கிய முதியவருக்குச் செய்தித்தாள் வாசிப்பு. இவற்றுக்கு உண்டியல் தேவையில்லை.

வீட்டில் பிடியரிசி வழக்கம் உயிர்பெறட்டும். மிசோரம் கிறிஸ்தவ இல்லங்களில், சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கும் பழக்கம் 1910ஆம் ஆண்டுமுதல் இருந்துவருகிறது. உலை வைக்குமுன் அந்தப் பிடியை அள்ளும் கை தாயின் கையாக இல்லாமல் பிள்ளையின் கையாக இருக்கட்டும். பின்பு அவ்வரிசி யாருக்குச் செல்கிறது, அவர் வீட்டில் ஏன் அரிசியில்லை என்பதையும் பிள்ளையோடு பேசுவோம். 'ஏன்' என்று கேட்கப் பழகும் பிள்ளையே நாளை நீதிக்காகவும் உழைப்பான்.

வனாந்தரத்தில் பெருங்கூட்டம் பசித்திருந்தபோது, ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் இருந்தன என்கிறது யோவான் நற்செய்தி. அவன் பெயரை அது கூறவில்லை. அன்று ஆண்டவரின் கைக்கு வந்து சேர்ந்தது அச்சிறுவனிடம் இருந்த உணவே. நம் பிள்ளைகளின் கையிலும் ஏதேனும் இருக்கும். அதைக் கொடுக்க அவர்களுக்கு வாய்ப்பளிப்பது நம் கடமை.