ஏற்ற இறக்கத்தின் அரசியல்: லயன் – முத்து காமிக்ஸை முன்வைத்து

ஒரு எழுத்தாளனை எப்படி வாசிப்பது என்பதற்கு நம்மிடம் முறைகள் இருக்கின்றன. ஒரு பிரதியைக் கட்டுடைக்கவும் ஓரளவு பழகிவிட்டோம். ஒரு பதிப்பகத்தை எப்படி வாசிப்பது என்றுதான் நாம் யோசித்ததில்லை. அரை நூற்றாண்டாகப் புத்தகம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனம். அதில் சில அற்புதம், பல தேவலை, மிச்சம் குப்பை. விமர்சகன் என்ன செய்வான்? அற்புதத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொண்டாடுவான். இல்லையென்றால் குப்பையைக் காட்டி, 'எல்லாம் வணிகம்பா' என்று மொத்தத்தையும் தள்ளுவான். இரண்டிலுமே அந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி காணாமல் போகிறது.

சிவகாசியின் முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் வைத்து இதைப் பேசலாம். முத்து காமிக்ஸை 1972இல் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கினார், முதல் இதழ் 'இரும்புக் கை மாயாவி'. அவருடைய மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் நாயகி மாடஸ்டி பிளைசி. பிறகு திகில், மினி லயன் என்று கிளைகள். பிரிட்டிஷ் சாகச வீரர்கள், அமெரிக்கத் துப்பறிவாளர்கள், இத்தாலியக் கௌபாய்கள், பிரெஞ்சு – பெல்ஜிய ஆல்பங்கள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒரு மாதம் வந்த கதையையும் அடுத்த மாதம் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே ஆட்கள் தேர்ந்தெடுத்ததுதானா என்று சந்தேகம் வரும்.

இந்தக் கலவை ரசனைக் கோளாறால் வந்ததாக நான் நினைக்கவில்லை. இது உற்பத்தி முறையின் தடம். மாயாவி பிறந்தது 1962இல், 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில். ஸ்பைடர் பிறந்தது 1965இல், அங்கிருந்த 'லயன்' இதழில். பிரிட்டிஷ் 'லயன்' 1974இலும், 'வேலியண்ட்' 1976இலும் நின்றுபோயின. அதாவது, 1984இல் சிவகாசி லயன் கர்ஜித்தபோது ஸ்பைடரின் தாய்ப் பத்திரிகை செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே காலாவதியானது இங்கே புதுச்சரக்கு. அந்தக் கையிருப்பு எல்லையற்றதல்ல. தீரத்தீர வேறு நாடு, வேறு மொழி, வேறு சித்திர மரபு தேடியாக வேண்டும். தேடலின் வழியில் அகப்பட்டதெல்லாம் மாதக்கெடுவுக்குள் அச்சேறியாகவும் வேண்டும். பல்வகைமையும் தரச்சரிவும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான்.

'ஆசிரியனின் மரணம்' பற்றி நம் சிறுபத்திரிகைகள் எவ்வளவு மை செலவழித்தன! பார்த் அந்தக் கட்டுரையை எழுதியது 1967இல். அது நம் கைக்கு வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே சிவகாசியில் ஆசிரியன் சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தான். பழைய இதழ்களில் மூலக்கதாசிரியர் பெயரையும் ஓவியர் பெயரையும் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மாயாவியை வரைந்த ஹேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர் என்பதும், ஸ்பைடர் கதைகளைப் பின்னாளில் எழுதிய ஜெர்ரி சீகல் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் என்பதும் அன்றைய தமிழ் வாசகனுக்கு எப்படித் தெரியும்? ஆசிரியன் செத்தால் வாசகன் பிறப்பான் என்றார் பார்த். இங்கே ஆசிரியன் இருந்த இடத்தில் நாயகனின் பெயரும் பதிப்பகத்தின் முத்திரையும் வந்து உட்கார்ந்தன. 'மாயாவி கதை', 'லயன் புத்தகம்' என்றுதான் கேட்டு வாங்கினோம். பெயரை மறைப்பது விடுதலையாகிவிடாது. அது உழைப்பை மறைப்பதுமாகும். தமிழாக்கியவர், பலூனுக்குள் இங்கிலீஷை அழித்துவிட்டு அதைவிட நீளமான தமிழ் வாக்கியத்தைத் திணித்தவர், இவர்களும் அந்த மறைப்புக்குள்தான் அடக்கம்.

கருத்தியலிலும் இதே மேடு பள்ளம். வேதாளர் கதையில் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக் குடும்பம் கானகத்தைக் காக்கிறது. கறுப்பு மக்கள் அதைத் தெய்வமாக நம்புகிறார்கள். காலனியத்தின் சுயசித்திரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லரோ ரேஞ்சராகவும் நவஹோக்களின் தலைவனாகவும் இருக்கிறான். செவ்விந்தியர் பக்கம் நிற்கிறான்தான், ஆனாலும் தலைவன் வெள்ளையன். கேப்டன் டைகர் என்று தமிழில் பெயர் மாறிய புளூபெர்ரி இன்னொரு பக்கம். ஷார்லியே எழுதி ஜீன் ஜிரோ வரைந்த அந்தக் கதைகளில் ராணுவமும் ரயில்வே கம்பெனியும் சேர்ந்தே நிலத்தைத் தின்கின்றன. நாயகன் தன் சட்டைச் சீருடையையே சந்தேகிக்கிறான். மூன்றையும் ஒரே பதிப்பகம் தந்தது. ஒரே பையன் படித்தான். வேதாளரிடம் கற்ற பாடத்தை டைகர் கலைத்துப்போடும் சாத்தியம் அந்தக் கலவைக்குள்ளேயே இருந்தது. 'தரமானதை மட்டும்' வெளியிடும் ஒரு தூய பதிப்பகத்தில் இந்த மோதலுக்கு இடம் இருந்திருக்குமா?

அப்படியானால் எல்லாக் குறைகளையும் மன்னித்துவிடுவதா? கூடாது. இரண்டு வகைக் குறைகளைப் பிரித்தாக வேண்டும். பலதையும் முயன்று பார்ப்பதால் வரும் குறை ஒன்று. 'இவனுக்கு இது போதும்' என்று வாசகனைப் பற்றிய மதிப்பீட்டால் வரும் குறை இன்னொன்று. ஒரு புதிய கதைவரிசை தோற்றால் அது முதல் வகை. வண்ணத்துக்காகவே வரையப்பட்ட ஆல்பத்தைக் கறுப்பு வெள்ளையில் சுருக்கி, மங்கலாக அச்சடிப்பதில் காசுப் பிரச்சனையும் உண்டு, இரண்டாம் வகையும் உண்டு. முதல் வகையைத் தாங்கிக்கொள்வதும் இரண்டாவதைச் சண்டை போட்டுக் கேட்பதும் வாசகக் கடமை. காமிக்ஸ் வாசகர்கள் கடிதம் எழுதி எழுதி இதைச் செய்தார்கள். 'இரத்தப் படலம்' கதையின் பதினெட்டுப் பாகங்கள் 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்ததும், பிறகு வண்ணத்தில் வந்ததும், அந்த விடாத நச்சரிப்பு இல்லாமல் நடந்திருக்காது. நம் இலக்கியப் பதிப்பகங்களிடம் நாம் எப்போதாவது இப்படி நச்சரித்திருக்கிறோமா?

எம்.ஏ. தமிழில் தொண்ணூற்றாறு சிற்றிலக்கிய வகைகளை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார்கள். அந்த வகைகளில் எழுதப்பட்ட உலாவும் தூதும் எல்லாம் ஒரே தரமா? காசு கொடுத்த ஜமீனைப் புகழ்ந்து கட்டியவை எத்தனை! அதை 'மரபு' என்கிறோம். சிவகாசி செய்தால் 'சரக்கு' என்கிறோம்.

2012இல் லயன் – முத்து புதுப்பொலிவோடு திரும்பி வந்தது. ஆர்ட் பேப்பர், வண்ணம், நல்ல கட்டமைப்பு. ஏற்ற இறக்கம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. விலையும் ஏறியிருக்கிறது. சந்தாவும் புத்தகக் கண்காட்சியும் முதன்மை வழிகளாகிவிட்டன. கீழ்பென்னாத்தூரில், செஞ்சி ரோட்டுப் பெட்டிக்கடையில் வாரப்பத்திரிகைகளோடு கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகம் இப்போது தொங்குவதில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி அன்று சிறுவர்களாக இருந்த இன்றைய நடுவயதுக்காரர்கள். இன்றைய பையன் செல்போனில் இருக்கிறான். அவன் கைக்கு இந்த விலையும் எட்டாது.

இது ஒரு நிறுவனத்தின் மேல் சொல்லும் குற்றச்சாட்டு இல்லை. காகித விலையும் உரிமைத் தொகையும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் தரம் உயர்வதும் வாசகர் வட்டம் சுருங்குவதும் சேர்ந்தே நடக்கும்போது, 'தரம்' என்ற சொல் யாருக்காகப் பேசுகிறது என்று கேட்டாக வேண்டும். கெட்டி அட்டையில் முந்நூறு பிரதி போட்டு, நமக்குள்ளேயே விற்று, நமக்குள்ளேயே விமர்சித்துக்கொள்ளும் நம்மிடமும்தான் இந்தக் கேள்வி. சாணித்தாளில் அச்சான அந்தப் புத்தகம் பெட்டிக்கடை வரைக்கும் போனது. நம்முடையது எது வரைக்கும் போகிறது?