எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு கோடு

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்கு 'டூடி எக்கோ', அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை, பழகிய சொல். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று சயான் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெருமுனை டாக்டரிடம் போனாலும், ஈ.சி.ஜி.க்கு அடுத்து எழுதித் தருவது பெரும்பாலும் அதைத்தான். ரிப்போர்ட் வந்ததும் எல்லாருடைய கண்ணும் 'இ.எஃப்.' என்ற எண்ணைத் தேடும்.

இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதே இ.எஃப். ஆண்களுக்கு 52, பெண்களுக்கு 54 இருந்தாலே இயல்பு. 35 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியை மார்பில் வைக்கலாமா என்ற பேச்சு எழும்.

இவ்வளவு கனமான எண்ணை இயந்திரம் நேராக அளப்பதில்லை. இதயம் விரிந்தபோது ஒரு படம், சுருங்கியபோது ஒரு படம் என்று நிறுத்தி, அறையின் உட்சுவர் ஓரமாக யாராவது கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குள் இருப்பதை, வரவரச் சிறுத்துப் போகும் 20 இட்லிகளின் அடுக்காக எண்ணிக்கொண்டு, கருவி கொள்ளளவைக் கணக்கிடும்.

கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வம்பு. ஒலி அலைகள் தசையில் சிதறி ஒன்றோடொன்று கலப்பதால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒலிக்கற்றைக்கு இணையாக நிற்கும் பக்கச் சுவரிலிருந்து எதிரொலி சரியாகத் திரும்பாது. சில படங்களில் அந்தச் சுவரே காணாமல் போய்விடும். விலா எலும்பும் நுரையீரல் காற்றும் தம் பங்குக்கு மறைக்கும். உட்சுவர் வழவழப்பானதும் அல்ல. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தசை முகடுகளை அறையின் பகுதியாகவே சேர்த்து வரைய வேண்டும் என்பது விதி.

விரிந்தபோது 120 மி.லி., சுருங்கியபோது 50 மி.லி. என்றால் இ.எஃப். 58. சுருங்கிய படத்தில் கோடு சற்றே வெளியே போய் 50 என்பது 60 ஆகிவிட்டால், இ.எஃப். 50. இதயம் அதே இதயம்தான். ரிப்போர்ட்டில் மட்டும் கோளாறு வந்துவிடும்.

உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை இரவல் வாங்கி, 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் இதய எதிரொலியைப் பதிவு செய்தார்கள். கோடு போடும் வேலையைக் கணினியிடம் விடும் முயற்சி பிறகு வந்தது. 1988-இல் காஸ், விட்கின், டெர்சோபவுலோஸ் என்ற மூன்று கணினி ஆய்வாளர்களும் படத்தின் விளிம்பை நோக்கி வளைந்து நெளிந்து போய் ஒட்டிக்கொள்ளும் கோட்டை உருவாக்கி, 'பாம்பு' என்றே பெயர் வைத்தார்கள். எக்கோ படத்தில் அந்தப் பாம்பு புள்ளிகளையே சுவர் என்று நம்பி வழிதவறும். 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10,030 எக்கோ வீடியோக்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி தந்து சோதித்தார்கள். அது சொன்ன இ.எஃப்., நிபுணர்களின் கணக்கிலிருந்து சராசரியாக 4 புள்ளி அளவே விலகியது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அங்கத்திய படங்களில் தேறியது, நெரிசலான மாநகராட்சி ஆஸ்பத்திரியில் அவசரமாக எடுத்த மங்கல் படத்திலும் தேறும் என்று சோதிக்காமல் நம்ப முடியாது. கணினி போட்ட கோட்டை மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

யார் போட்டாலும் கோடு சற்று நகர்ந்தாலே எண் மாறும். எனவே போன வருடம் 60, இப்போது 56 என்று பதற வேண்டாம். பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுங்கள். படம் தெளிவாக வந்ததா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.