மாரடைப்பு வந்தால் இடது கை ஏன் வலிக்கிறது?

கோளாறு இதயத்தில். வலியோ இடது கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை இறங்குகிறது. கையில் ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி?

இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால், தினமும் ஆள் வரும் வீட்டுக்குத்தான் என்று நினைப்போம் அல்லவா? இதய வலியைச் சுமக்கும் நரம்புகளும் கையின் உட்புறத் தோல் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. தோலிலிருந்து செய்தி ஓயாமல் வரும். இதயத்திலிருந்து வருவது அபூர்வம். மூளை பழகிய பக்கத்தையே கை காட்டிவிடுகிறது.

மருத்துவ மாணவர்களை மடக்கும் இன்னொரு கேள்வி: மண்ணீரல் கிழிந்தால் இடது தோள் வலிப்பது ஏன்? கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கிளம்புவதோ, தோளின் தோல் நரம்புகளைப் போலவே, கழுத்திலிருந்து!

நீரிழிவுக்காரர்களிடம் நரம்பு மழுங்கி, மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டுமே தெரியக்கூடும்.