பசித்திருந்த கலீஃபா

2012 ரமளானில் ஒளிபரப்பான ‘உமர்’ எனும் அரபு வரலாற்றுத் தொடர், வலீத் ஸைஃபின் எழுத்தில், ஹாதிம் அலீயின் இயக்கத்தில் உருவானது. நபித்தோழரை நடிகர் உருவில் காட்டலாமா எனும் சர்ச்சை அன்று எழுந்தது. அத்தொடர் நினைவூட்டும் ஹிஜ்ரி 18-இன் பஞ்சமோ நம்மை வேறொன்றைச் சிந்திக்க வைக்கிறது.

மழை பொய்த்து மண் சாம்பலாய் வெளுத்த அவ்வாண்டை ‘ஆமுர் ரமாதா’ என்பர். மக்களுக்குக் கிட்டாத நெய்யையும் இறைச்சியையும் உமர் (ரலி) தாமும் துறந்தார்கள். பசியால் திருடியோருக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள். ஆளுநர்களின் சொத்தையோ நியமனத்தின்போதே கணக்கெடுத்தார்கள். பதவியில் பெருகியதில் பாதியைச் சிலரிடமிருந்து பைத்துல்மாலுக்கு மீட்டார்கள்.

எளியவனின் பசிக்கு இரக்கம், அதிகாரியின் செல்வத்துக்குக் கணக்கு. நாமோ இன்று எளியவனிடம் கணக்கும் அதிகாரியிடம் இரக்கமும் காட்டுகிறோம். தம் வயிற்றைக் கட்டியவர் என்பதாலேயே பிறர் கையைக் கட்டும் தகுதி அவர்களுக்கு இருந்தது.