கீபோர்டில் பாதி எழுத்து வரவில்லையா? லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்...

சென்ற மாதம் நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய், பழைய லேப்டாப் ஒன்றைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். மூத்த மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. மகன் வேலைக்குப் போய்விட்டான். இப்போது கல்லூரியில் படிக்கும் தங்கை அதைப் பயன்படுத்துகிறாள்.

"கடையில காட்டினோம் தம்பி. போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் பிள்ளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும்" என்றார்.

"ஆன் ஆகுதா லாத்தா?" என்று கேட்டேன்.

"ஆன் ஆகுது. பாஸ்வேர்டு அடிக்கத்தான் முடியல. சில எழுத்து வருது, சில எழுத்து வரவே இல்ல."

இந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது. கழற்றிப் பார்த்தபோது, கீபோர்டையும் உள்ளே இருக்கும் போர்டையும் இணைக்கும் ரிப்பன் கேபிளில் ஒரே ஒரு கோடு மடிப்பில் அறுந்திருந்தது. அரை மணி நேர வேலை, ஓர் இரவு காய்வதற்கு. மறுநாள் பிள்ளை ப்ராஜெக்டைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக நம் வீடுகளுக்கு வந்த லேப்டாப்கள் இன்னும் பல அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றில் சில, இதுபோன்ற சிறு பழுதால் ஒதுக்கி வைக்கப்பட்டவை. எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும் என்று சொல்லவில்லை. ஆனால் எது சரியாகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் வீண் செலவு மிச்சமாகும்.

ரிப்பன் கேபிள் என்றால் என்ன?

கீபோர்டின் அடியிலிருந்து வெளியே வரும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைதான் ரிப்பன் கேபிள். அதன்மேல் வெள்ளி கலந்த மையால் அச்சடித்த கோடுகள் இருக்கும். பெரும்பாலும் 24 முதல் 30 கோடுகள் வரை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். சாக்கெட்டுக்குள் நுழையும் நுனியில் அந்தக் கோடுகள் மேல் கறுப்பாகக் கார்பன் பூசியிருப்பார்கள்.

ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. பாய் நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதுபோல, கீபோர்டுக்குள் கோடுகள் ஓடுகின்றன. உதாரணமாக ஒரு பக்கம் 8 கோடுகள், மறுபக்கம் 16 கோடுகள் என்றால், அவை 128 இடங்களில் சந்திக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பட்டனை வைக்கலாம். பட்டனை அழுத்தும்போது அந்த இடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடும். எந்த இரண்டு கோடுகள் தொட்டன என்பதைப் பார்த்து, எந்த எழுத்து என்று லேப்டாப் தெரிந்துகொள்கிறது.

ஆகவே ஒரு கோடு அறுந்தால் ஓர் எழுத்து மட்டும் போகாது. அந்தக் கோட்டில் இருக்கும் எட்டோ பத்தோ எழுத்துகள் மொத்தமாகப் போகும். அவை கீபோர்டில் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆங்காங்கே சிதறியிருக்கும். பார்ப்பவர்களுக்கு ஏதோ பெரிய கோளாறு போலத் தோன்றும்.

பழுது கேபிளில்தானா?

கழற்றும் முன் வேலை செய்யாத பட்டன்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இப்படிப் பாருங்கள்.

ஒரே ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றால், பழுது அந்தப் பட்டனின் அடியில். கேபிள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

சிதறிய பல பட்டன்கள் ஒரே நாளில் நின்றுபோயின என்றால், ஒன்றோ இரண்டோ கோடுகள் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு பட்டன்கூட வேலை செய்யவில்லை என்றால், கேபிள் சாக்கெட்டிலிருந்து நழுவியிருக்கலாம்.

தொடாமலேயே எழுத்துகள் தாமாக விழுகின்றன, அல்லது ஒன்றை அழுத்தினால் இரண்டு வருகின்றன என்றால், டீயோ தண்ணீரோ உள்ளே போயிருக்கலாம். இதைக் கேபிளில் சரிசெய்ய முடியாது.

அடுத்து, யாரிடமாவது யூ.எஸ்.பி. கீபோர்டை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் எல்லா எழுத்தும் வந்தால் பழுது லேப்டாப்பின் கீபோர்டுப் பக்கம்தான் இருக்க வாய்ப்பு அதிகம். யூ.எஸ்.பி. கீபோர்டு கிடைக்காவிட்டால், விண்டோஸில் பாஸ்வேர்டு கேட்கும் திரையின் மூலையில் உள்ள சிறு படத்தை அழுத்தினால், திரையிலேயே கீபோர்டு வரவழைக்கும் வசதி இருக்கும். மவுஸால் எழுத்துகளைத் தொட்டு உள்ளே போகலாம். அவசர வேலை இருந்தால் முதலில் அதை முடித்து, கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பதை அதன்பின் தொடங்கலாம்.

கழற்றும் முறை

லேப்டாப்பை அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பழைய மாடல்களில் பேட்டரி அடியிலேயே தனியாகக் கழன்று வரும். அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது. கடையில்தான் கொடுக்க வேண்டும்.

பல மாடல்களில் அடிப்பக்கம் சில திருகாணிகளின் அருகே சிறிய கீபோர்டு படம் அச்சிட்டிருக்கும். அவற்றை மட்டும் கழற்றினால் போதும். சிலவற்றில் கீபோர்டின் மேல் விளிம்பில் சிறு கொக்கிகள் இருக்கும். பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகத் தள்ளிவிட்டால் கீபோர்டு மேலெழும்.

இங்கேதான் கவனம் தேவை. கீபோர்டு எழுந்ததும் பலரும் அதை அப்படியே இழுத்துவிடுவார்கள். அடியில் கேபிள் இன்னும் மாட்டியிருக்கும். நான் முதன்முதலில் கழற்றிய கீபோர்டை இப்படித்தான் கெடுத்தேன். நன்றாக இருந்த கேபிள் ஓரத்தில் கிழிந்துபோனது. அதனால் கீபோர்டை உங்கள் பக்கமாக மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள்.

சாக்கெட்டில் ஒரு சிறிய லாக் இருக்கும். ஒரு வகையில் அதை நகத்தால் மேலே நிமிர்த்த வேண்டும். இன்னொரு வகையில் அதன் இரு ஓரங்களையும் பிடித்து, கேபிள் இருக்கும் பக்கமாக மிகச் சிறிது இழுக்க வேண்டும். லாக் திறந்தால் கேபிள் தானாகவே எளிதாக வரும். வரவில்லை என்றால் லாக் இன்னும் திறக்கவில்லை. பலம் கொடுக்காதீர்கள். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், கேபிளின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது மறக்காது.

கழற்றியவுடன் ஒட்டும் வேலையைத் தொடங்க வேண்டாம். கேபிளை நேராக மீண்டும் செருகி, லாக்கை மூடி, பேட்டரியை மாட்டி ஒருமுறை சோதியுங்கள். நழுவிய கேபிளாக இருந்தால் வேலை அத்துடன் முடிந்தது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தல்

கேபிளைத் தனியே எடுத்து, பின்பக்கம் டார்ச் ஒளியைக் காட்டிப் பாருங்கள். வெள்ளி மைக் கோடுகள் ஒளியை மறைக்கும். அறுந்த இடத்தில் முடிபோல ஒளிக்கீற்று தெரியும். மடிப்பு விழுந்த இடத்தையும் சாக்கெட்டுக்கு அருகே உள்ள இடத்தையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். கோடுகள் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும். விரிசலைத் தாண்டி ஓரிடத்தில் மட்டும் பிளேடு முனையால் அதை மெல்லச் சுரண்டி, மீட்டரின் ஒரு முனையை அங்கேயும், மறுமுனையை அதே கோட்டின் கறுப்பு நுனியிலும் வையுங்கள். ஒலி எழுப்பும் அளவில் வைத்துச் சோதிக்காதீர்கள். வெள்ளி மைக்கு இயல்பாகவே சிறிது மின்தடை உண்டு. நல்ல கோட்டுக்கும் ஒலி வராமல் போகலாம். 2000 ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், நல்ல கோடு ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். அறுந்த கோடு, மீட்டரைத் தொடாதபோது என்ன காட்டுமோ அதையே காட்டும்.

ஒட்டும் வேலை

முதலில் ஓர் எச்சரிக்கை. சால்டரிங் அயர்ன் பக்கம் போகாதீர்கள். இந்தப் பட்டை பிளாஸ்டிக். ஈயம் ஒட்டும் முன் பட்டை உருகிவிடும். இதற்கென்று எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் மின்சாரம் கடத்தும் சில்வர் பெயிண்ட் சிறு புட்டியாகவோ பேனாவாகவோ கிடைக்கும். பென்சில் கரியைத் தேய்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது நிலைக்காது.

1. அறுந்த இடத்தின் பின்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பட்டை அசைந்தால் பெயிண்ட் மறுபடி விரிசல் விடும். சாக்கெட்டுக்குள் போகும் பகுதியில் டேப் வரக்கூடாது.

2. விரிசலின் இருபுறமும் 3 மில்லிமீட்டர் அளவுக்குப் பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டுங்கள். சாம்பல் நிற வெள்ளிக் கோடு தெரிந்ததும் நிறுத்துங்கள். அழுத்தினால் கோடே போய்விடும்.

3. இருபக்கமும் உள்ள கோடுகளைப் பேப்பர் டேப்பால் மூடி, நடுவில் அந்த ஒரு கோடு மட்டும் தெரியும்படி விடுங்கள்.

4. புட்டியை நன்றாகக் குலுக்கி, பல்குத்தும் குச்சியின் முனையால் மெல்லிய ஒரு கோடு இழுங்கள். விரிசலின் இருபுறமும் சுரண்டிய இடம் முழுவதும் பெயிண்ட் படிய வேண்டும். தடிப்பாகப் பூசினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கோட்டில் வழிந்தால் இரண்டு கோடுகள் ஒன்றாகி, புதிய குழப்பம் வரும்.

5. பெயிண்ட் முழுதும் இறுகும் முன் பேப்பர் டேப்பை மெல்ல உரித்து எடுங்கள். ஓர் இரவு அசையாமல் காயவிடுங்கள்.

6. மறுநாள் மீட்டரால் அந்தக் கோட்டைச் சோதியுங்கள். சில நூறு ஓம் காட்டினாலும் கவலையில்லை. கீபோர்டில் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது. பக்கத்துக் கோடுகளோடு ஒட்டவில்லை என்பதையும் பாருங்கள்.

7. கேபிளைச் செருகி எல்லா எழுத்தையும் அடித்துப் பாருங்கள். சரியாக வந்தால், ஒட்டிய இடத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மூடுங்கள். அந்த இடத்தில் மடிப்பு விழாதபடி கீபோர்டைத் திரும்ப வையுங்கள்.

நுனி கெட்டிருந்தால்

சில நேரம் கோடு அறுந்திருக்காது. பலமுறை கழற்றி மாட்டியதில் நுனியின் பின்பக்கம் உள்ள தடித்த பட்டை தளர்ந்து, சாக்கெட்டில் பிடிப்பு குறைந்திருக்கும். நுனியின் பின்பக்கம், கோடுகள் இல்லாத பக்கத்தில், ஒரே ஓர் அடுக்கு டேப் ஒட்டி, ஓரங்களைச் சரியாக வெட்டிவிட்டுச் செருகினால் பிடிப்பு வந்துவிடும். நுனி அழுக்காக இருந்தால், ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை மெல்லத் துடைத்தால் போதும். ரப்பரால் தேய்த்தால் கார்பன் பூச்சும் கூடவே போய்விடும்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

நான்கைந்து கோடுகளுக்கு மேல் கிழிந்திருந்தாலோ, டீ கொட்டி உள்ளே அரித்திருந்தாலோ, கேபிள் கீபோர்டோடு சேரும் இடத்திலேயே பிய்ந்திருந்தாலோ, ஒட்டுவது வீண் உழைப்பு. கீபோர்டையே மாற்றுவது நல்லது. கீபோர்டின் பின்புறம் ஒட்டியுள்ள தாளில் அதன் எண் இருக்கும். அதைப் படமெடுத்துக் கடையில் காட்டி, கேபிள் வரும் இடமும் நீளமும் திருகாணி இடங்களும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய கீபோர்டு மாட்டியும் அதே எழுத்துகள் வரவில்லை என்றால், பழுது சாக்கெட்டிலோ போர்டிலோ இருக்கிறது. அப்போதுதான் "போர்டு போயிடுச்சு" என்ற பேச்சை ஏற்கலாம்.

அப்படியே ஆனாலும் யூ.எஸ்.பி. கீபோர்டு செருகினால் வேலை நடக்கும். மேசையில் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே போதும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், "எத்தனை எழுத்து வரவில்லை, யூ.எஸ்.பி. கீபோர்டில் வருகிறது, கேபிளைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்து கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும். அந்தத் தாயிடம் இந்த ஒரு கேள்வி இருந்திருந்தால், கடையிலேயே அன்று மாலைக்குள் பிரச்சினை தீர்ந்திருக்கலாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு லேப்டாப் கிடக்கிறதா? இந்த வாரம் எடுத்து ஆன் செய்து பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், பக்கத்து வீட்டில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அது தேவைப்படலாம்.