வீரர் கதையும் கேடயம் சுமந்தோர் கதையும்

பாடநூலில் இரண்டு வரிகளில் முடிந்துவிடும் செய்தி, நல்ல நாவலாசிரியர் கைபட்டதும் உயிருள்ள மனிதராக எழுந்து நம்முன் நிற்கிறது. கி. மு. 480 ஆம் ஆண்டில், ஸ்பாட்டாவின் அரசன் லியோனிடாஸ் முந்நூறு வீரருடன் தேர்மோப்பிலேக் கணவாயில் நின்று, சேர்க்சீஸ் மன்னனின் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து மடிந்தான் என்பதை மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்வர். பரீட்சை முடிந்ததும் மறந்தும் விடுவர். அதே செய்தியை நாவலாகப் படித்தவர் எளிதில் மறவார். ஆதலின், பிள்ளைகள் சரித்திர நாவல் படிப்பதைக் காலவிரயம் எனக் கடியும் பெற்றோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. ஆயின், அத்தகைய நாவல்களை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பது சிந்திக்கத்தக்கது. பண்டைக் கிரேக்கத்தின் போர்க்குடியினரைப் பற்றிய நாவல்களை உதாரணமாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

பாசறையே வீடு

கிரேக்க நாட்டின் தென்பகுதியில், யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் விளங்கிய அரசு ஸ்பாட்டா. அங்கே ஏழு வயதெய்திய ஆண்பிள்ளை தாயின் அரவணைப்பை விட்டு அரசின் பயிற்சிக்கு ஒப்படைக்கப்படுவான். அரைவயிற்று உணவு, கோடைக்கும் மாரிக்கும் ஒரே மேலாடை, ஆற்றங்கரை நாணலைத் தன் கையாலேயே முறித்துப் பரப்பிய படுக்கை ஆகியவற்றோடு அவன் இளமை கழியும். வளர்ந்தபின் பொதுப் பந்தியிலேயே உண்ணல் வேண்டும். மணம் முடித்தவனும் முப்பது வயதுவரை பாசறையிலேயே உறங்குவான். பந்திக்குரிய தானியப் பங்கைச் செலுத்த இயலாதவன் முழுக் குடியுரிமையையே இழப்பான்.

இத்துணை கட்டுப்பாட்டைக் கதையிற் படிக்கும் இளைஞர் உள்ளம் கிளர்ச்சியுறுதல் இயல்பே. ஆனால் அவ்விடத்தில் ஒரு கேள்வி எழுதல் வேண்டும். நாள் முழுவதும் ஈட்டி பழகிய இவ்வாடவருக்கு உணவு எங்கிருந்து வந்தது?

ஹெலட்டுகள் எனப்பட்ட குடிகள் உழுது விளைவித்த தானியமே அது. இவர்கள் சந்தையில் வாங்கப்பட்ட அடிமைகளல்லர். லக்கோனியாவிலும், போரில் வெல்லப்பட்ட அயல்நாடாகிய மெசீனியாவிலும், தம் சொந்த மண்ணிலேயே அடிமைப்பட்டவர்கள். மெசீனியர் தம் விளைவிற் பாதியை எசமானர்க்கு அளந்தனர் என்பதற்கு, பழைய ஸ்பாட்டாப் புலவர் தேர்ட்டேயஸின் பாடலே சான்று. ஸ்பாட்டாவின் அதிகாரிகள் ஆண்டுதோறும் இவ்வுழவர்மீது முறைப்படி போர்ப்பிரகடனம் செய்தனர் என அரிஸ்டோட்டில் கூறியதாகப் புளூடாக் எழுதுகிறார். ஹெலட்டைக் கொல்வது பாவமாகாதிருத்தற்காகவே இவ்வேற்பாடு! போரில் நற்பணி புரிந்தோர்க்கு விடுதலை அளிப்பதாகச் சொல்லி ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைத் தெரிந்தெடுத்து, மாலை சூட்டிக் கோயில்களை வலம்வரச் செய்து, பின் அவர்களை இருந்த இடந்தெரியாமல் ஒழித்துவிட்டனர் என்பது துசிடிடீஸ் தரும் செய்தி. வீரத்தின் இருப்பிடமாகிய ஸ்பாட்டா, தன் வயலில் உழுதவரைக் கண்டு அஞ்சியே வாழ்ந்தது.

தேர்மோப்பிலேயில் இறுதிவரை நின்றவர் முந்நூற்றுவர் மட்டுமல்லர். தெஸ்பியா என்னும் சிறு நகரத்தார் எழுநூறு பேர் தாமே விரும்பி உடன்நின்று மடிந்தனர். இறந்தோருள் ஹெலட்டுகளும் கிடந்தனர் என்று ஹெரடோட்டஸ் குறிப்பிடுகிறார். அடுத்த ஆண்டு பிளாட்டியாப் போருக்கு ஸ்பாட்டாவின் குடிமக்கள் 5,000 பேர் சென்றபோது, ஆளுக்கு எழுவராக 35,000 ஹெலட்டுகள் உடன்சென்றனர் என்பதும் அவர் கணக்கே.

நாவலாசிரியர் நின்ற இடம்

சிறந்த நாவலாசிரியர் இவ்வுண்மையை உணர்ந்தே எழுதியுள்ளனர். அமெரிக்கரான ஸ்டீவன் பிறெஸ்பீல்ட் 1998 இல் வெளியிட்ட ‘கேற்ஸ் ஒவ் பயர்’, அதாவது ‘நெருப்பு வாயில்கள்’, தேர்மோப்பிலேயின் கதை. அவ்விடத்து வெந்நீர் ஊற்றுக்களால் ‘வெப்ப வாயில்’ எனப் பொருள்படும் பெயர் பெற்றது அக்கணவாய்; நாவலின் பெயரும் அதனை அடியொற்றியதே. கதையைச் சொல்பவன் ஸ்பாட்டா வீரனல்லன். பகைவரால் தன் ஊர் அழிய, அகதியாய் ஸ்பாட்டாவை அடைந்து, ஒரு வீரனுக்குப் பணியாளனாகக் கேடயம் சுமந்த சியோனீஸ் என்பவன். ஸ்பாட்டாவை வெறுக்கும் ஹெலட் இளைஞன் ஒருவனும் அக்கதையில் வருகிறான். போர்க்களக் காட்சிகள் கடுமையானவை; ஆதலால் மேல்வகுப்பு மாணவர்க்கே இந்நூல் ஏற்றது.

இத்தாலியரான வலேரியோ மாசிமோ மன்பிரெடி 1988 இல் எழுதிய நாவலில், காலூனத்துடன் பிறந்தமையால் கைவிடப்பட்ட ஸ்பாட்டாக் குழந்தையை ஒரு ஹெலட் கிழவன் எடுத்து வளர்க்கிறான். ஆண்ட குடியிற் பிறந்து அடிமைக் குடியில் வளர்ந்தவன் எப்பக்கம் நிற்பது என்பதே கதையின் முடிச்சு.

நாவலாசிரியர் இன்னும் தொடவேண்டிய மனிதரும் உளர். கண்ணோயால் பார்வையிழந்து கிடந்த யூரிட்டஸ் என்னும் வீரன், போர் நடப்பதறிந்து தன்னைக் களத்துக்கு இட்டுச்செல்லும்படி தன் ஹெலட்டைப் பணித்தான். அவன் கைப்பிடித்து அழைத்துச் சென்று விட்டுவிட்டு ஓடினான். யூரிட்டஸ் பொருது மடிந்தான். அவன் பெயரை ஹெரடோட்டஸ் எழுதிவைத்தார். கைப்பிடித்தவன் பெயரை எழுதவில்லை. அந்த ஹெலட் ஓடியது கோழைத்தனமா? யாருடைய நாட்டுக்காக அவன் சாகவேண்டும்? மாணவர் இவ்வினாவை வகுப்பில் விவாதித்தல் நன்று.

கானல் நீர்

ஸ்பாட்டாவைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் பிறர் சொன்னவை. துசிடிடீஸும் செனபனும் அதென்ஸ் நகரத்தார். ஊனமுற்ற குழந்தைகளை மூப்பர் பார்த்து ஒதுக்கினர் என்று விவரிக்கும் புளூடாக், தேர்மோப்பிலேக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர் வாழ்ந்தவர். பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா ஒலியே 1933 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வாறு புகழ்ந்து புனையப்பட்ட ஸ்பாட்டாவைக் ‘கானல்’ என்றே குறிப்பிட்டார்.

கானலை நீரென நம்பியவரால் விளைந்த கேடு சிறிதன்று. ஹிட்லர் 1928 இல் எழுதித் தம் வாழ்நாளில் வெளியிடாதிருந்த நூலில், ஸ்பாட்டாவை இனவாத அரசுக்கு முன்மாதிரியாகப் புகழ்ந்தார். 1943 ஜனவரி 30 இல், ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன் படை பனியிலும் பசியிலும் அழிந்துகொண்டிருந்தபோது, கோரிங் வானொலியில் தேர்மோப்பிலேயை எடுத்துக்காட்டிப் பேசினார். உயிரோடிருந்த வீரர்க்கே இரங்கற்பா பாடியதை ஒக்கும் அது! வீரக்கதையை ஒரு கண்ணால் மட்டும் படிப்பதன் முடிவு இதுதான்.

ஸ்பாட்டாவின் முடிவும் அறியத்தக்கது. கி. மு. 371 இல் லியூக்ட்ராப் போரில் நின்ற 700 ஸ்பாட்டாக் குடிமக்களுள் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். குடியுரிமை பெற்றோர் தொகை முன்னரே அருகியிருந்தமையால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலவில்லை. விரைவிலேயே தீப்ஸ் நகரத் தலைவன் எப்பமினொண்டாஸ் மெசீனியாவை விடுவித்தான். பல தலைமுறைகளாக ஹெலட்டுகளாயிருந்தோர் தமக்கென ஒரு நகரம் எழுப்பினர்.

ஆதலின், பெற்றோரே, பிள்ளைகள் இத்தகைய நாவல்களைப் படிக்கட்டும். படித்து முடித்ததும், ஹெரடோட்டஸின் ஏழாம் நூலிலே இப்போரைக் கூறும் பகுதியையும் மொழிபெயர்ப்பில் வாசிக்கச் செய்யுங்கள். எது சான்று, எது கற்பனை என்று அவர்களே பிரித்தறியட்டும். அத்துடன், இவ்வீரனுக்குச் சோறிட்டவர் யார், இவன் கேடயத்தைச் சுமந்தவர் யார் என்று இரவு உணவின்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடைதேடி அவர்கள் நூலை மீண்டும் புரட்டுவார்களாயின், அவர்கள் வரலாறு கற்கத் தொடங்கிவிட்டார்கள் என மகிழலாம்.